தெரியும், வாயில் வரவில்லை

(மலேசியாவின் அம்பாங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து, ஜாலான் அம்பாங் நெரிசலையும் தாண்டி இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சிலர் வீட்டில் ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழி அடிபடுகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவருக்கும், மூளையில் கட்டி வந்து அறுவை செய்துகொண்டவருக்கும்கூட இது வரலாம். மருத்துவர்கள் இதை அஃபேசியா என்பார்கள். நம் வீடுகளில் ‘பேச்சு போயிருச்சு’ என்கிறோம். கை கால் விழுந்ததை வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், விசாரிக்கிறார்கள். மொழி அடிபட்டதை யாரும் விசாரிப்பதில்லை. நேராக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: ‘பாவம், ஒண்ணும் புரியல போல.’ அந்த முடிவைத்தான் இன்று நான் எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். கருவிகளைப் பற்றியும் பேசுவேன். ஆனால் இந்த முடிவை விடாத வீட்டில் எந்தக் கருவியும் வேலை செய்யாது.

பேச்சுக் கருவி என்றால் நம்மில் பலருக்கு ஸ்டீபன் ஹாக்கிங் நினைவுக்கு வருவார். 1985இல் தொண்டையில் செய்த அறுவையால் அவருக்குக் குரல் போனது. பிறகு கணினியில் சொற்களைத் தேர்ந்தெடுத்து, இயந்திரக் குரலில் பேசினார். அவருக்குப் போனது தசை. மொழி முழுமையாக உள்ளே இருந்தது. எந்தச் சொல் வேண்டும், அதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. அஃபேசியா வந்தவருக்கு நிலைமை வேறு. நாக்கும் உதடும் அசையலாம், குரலும் இருக்கலாம். சொல்லைத் தேடி எடுக்கிற வழி, அதை வாக்கியமாகக் கோர்க்கிற வழி, எழுத்தைப் பார்த்து வாசிக்கிற வழி ஆகியவைதான் சேதப்பட்டிருக்கின்றன. அவர் கையில் விசைப்பலகையைக் கொடுத்து ‘வாயில வரலன்னா டைப் பண்ணுங்கப்பா’ என்றால், வாயில் வராத அதே சொல் பெரும்பாலும் விரலிலும் வராது. மகன் ஆசையோடு வாங்கித் தந்த புது டேப்லட் இப்படித்தான் அலமாரிக்குப் போகிறது.

அப்படியானால் எந்தக் கருவி உதவும்? பதிலை 1861ஆம் ஆண்டிலிருந்தே சொல்லலாம். பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி. எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்றே சொல்வார். அங்கிருந்தவர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா அவரிடம், இங்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டார். லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார். பிறகு ஒரு விரலை மட்டும் காட்டினார். 21. அது சரியான கணக்கு. மறுநாளும் ப்ரோக்கா அதையே கேட்டார், அதே பதில் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது, தன்னை வைத்துச் சோதனை நடக்கிறது என்று லெபோர்னுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் ஒரு வசைச்சொல் தெளிவாக வெளியே வந்தது. கடிகாரத்தைக் காட்டினால் நேரத்தையும் சரியாகச் சைகையில் காட்டினார் என்று ப்ரோக்கா எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டு ஏப்ரலில் லெபோர்ன் இறந்தார். ப்ரோக்கா அவர் மூளையின் இடது முன்பக்கத்தில் சேதத்தைக் கண்டு அறிவித்தார். மருத்துவ நூல்கள் அதையே நினைவில் வைத்திருக்கின்றன. எனக்கு அந்த ஐந்து விரல்தான் பெரிய விஷயம். சொல் இல்லாத ஒரு மனிதர், சொல் கேட்காத ஒரு வழி கிடைத்ததும், 21 ஆண்டைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். அஃபேசியாவுக்கான நல்ல கருவி எல்லாமே இந்த வகைதான். நினைவிலிருந்து ஒரு சொல்லைத் தோண்டி எடுக்கச் சொல்லாது. கண் முன்னால் சிலவற்றை வைக்கும், பார்த்து அடையாளம் காண விடும், தொட்டுக் காட்ட விடும்.

இதை நம் ஊரில் நான் பார்த்த ஒரு நிகழ்வோடு சொல்கிறேன். பாண்டான் பக்கம் எங்கள் தாமானில் ஒரு பெரியவர். பல வருடம் லோரி ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை தூக்க வராது, வாயில் ‘நாலு நாலு’ என்பதைத் தவிர அதிகம் வராது. ஒரு நாள் மாலை அவர் வீட்டம்மா வந்து கூப்பிட்டார். “தம்பி, மத்தியானத்துலேர்ந்து ஒரே சத்தம். சாப்பாடான்னு கேட்டா இல்லங்கிறாரு, மருந்தான்னு கேட்டா இல்லங்கிறாரு, பாத்ரூமும் இல்லயாம். என்னால முடியல தம்பி.” உள்ளே போனேன். அவர் முகம் சிவந்திருந்தது.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் நான்கு சொற்களை எழுதி, பக்கத்தில் எனக்குத் தெரிந்த மட்டில் சின்னப் படமும் போட்டேன்: உடம்பு, வீடு, காசு, ஆள். அவர் இடது கை விரல் ‘காசு’ மேல் போய் நின்றது. அதன் கீழே ‘வர வேண்டியது’, ‘கட்ட வேண்டியது’ என்று எழுதினேன். கட்ட வேண்டியது. கரண்டு, தண்ணீர், வீட்டுக் கடன் என்று எழுதினேன். மூன்றுக்கும் கையால் தட்டிவிட்டார். பிறகு அவரே கைப்பேசியை எடுத்து, படங்களைத் தள்ளிக்கொண்டே போய், வாசலில் நிற்கும் காரின் படத்தைக் காட்டினார். கண்ணாடிப் பக்கம் விரலை வைத்தார். ரோட் டெக்ஸ்! அந்த மாதம் முடிகிறது, மகன் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறான், யாருக்கும் அது நினைவில்லை. வீட்டம்மா அழுதுவிட்டார். “இவ்வளவு ஞாபகமா இருக்கீங்களா” என்றார். அன்று அவர் வீட்டில் மறுபடியும் குடும்பத் தலைவரானார்.

நான் செய்ததில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. கனடாவின் தொரொந்தோவில் உள்ள அஃபேசியா நிலையத்தில் ஆரா ககன் என்ற சிகிச்சையாளர் வகுத்த முறை அது. அவர் பயிற்சி அளிப்பது நோயாளிக்கு அல்ல, நோயாளியோடு பேசுகிறவர்களுக்கு. முதல் பாடமே, ‘உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்’ என்பதை அவருக்கு உணர்த்துவது. பிறகு ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, முக்கியச் சொல்லைத் தாளில் எழுதிக் காட்டுவது, காத்திருப்பது, புரிந்ததைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது. காத்திருப்பதுதான் நமக்கு வராது. நம் வீடுகளில் ஒருவர் வாய் திறப்பதற்குள் நான்கு பேர் பதில் சொல்லிவிடுகிறோம்.

சரிபார்ப்பதில் நமக்கென்று உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அஃபேசியா வந்தவர் ‘இல்ல’ என்று நினைத்து ‘ஆமா’ என்று சொல்லிவிடுவதுண்டு. எனவே தலையசைப்பையும் பார்க்க வேண்டும். ஆனால் தமிழர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது ‘சரி’. மலாய்க்கார சிகிச்சையாளருக்கோ சீன தாதிக்கோ அது ‘இல்லை’ போலத் தெரியலாம். கட்டை விரலை மேலே, கீழே காட்டப் பழக்குங்கள். மருத்துவமனைக்குப் போகிறபோது இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது மின்கருவிகள். தமிழர் பெருமைப்படத்தக்க ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளோடு பல காலம் வேலை செய்துவந்த வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு, ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும், படங்களை வரிசையாகத் தொட்டால் வாக்கியம் ஒலிக்கும். 2010 வாக்கில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லட் செயலியாக மாறியது. தமிழிலும் உண்டு. பேச்சு வராத எத்தனையோ பிள்ளைகள் அதனால் பள்ளியில் பதில் சொல்கிறார்கள்.

ஆனால் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்த பக்கங்களை அப்படியே அறுபது வயது மனிதர் கையில் கொடுத்தால் அவர் மனம் நோகும். பொம்மைப் படமும் பழப் படமும் அவருக்கு எதற்கு? படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்தால் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடவும் மூளை உழைக்க வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டேவிட் பியூக்கல்மன் குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். தனித்தனிச் சின்னங்களுக்குப் பதிலாக, நோயாளியின் வாழ்க்கையில் நடந்த காட்சியின் முழுப் புகைப்படம் ஒன்று. மகள் கல்யாணப் படத்தைத் திறந்தால் மாப்பிள்ளை முகத்தைத் தொடலாம், மண்டபத்தைத் தொடலாம், தொட்டதைப் பற்றிப் பதிவு செய்த ஒரு வரி ஒலிக்கும். அஃபேசியாவில் பழைய நினைவுகள் பெரும்பாலும் அழிவதில்லை, அதனால் இந்த வழி அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. விலை உயர்ந்த கருவியே வேண்டும் என்பதில்லை. கைப்பேசியில் ‘வீடு’, ‘சொந்தம்’, ‘கிளினிக்’, ‘கடை’ என்று நான்கு ஆல்பம் போதும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும், இருக்கும் இடத்தை அனுப்புவதும், குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் அஃபேசியா உள்ளவருக்கு உண்மையான துணைக்கருவிகள். எழுத்துச் செய்தியைவிட அவருக்குக் குரல் செய்தியை அனுப்புங்கள், ஆனால் அடுத்தடுத்து ஐந்து விஷயத்தை அதில் அடைக்காதீர்கள்.

நான் இங்கே வந்ததற்கு இன்னொரு முக்கியக் காரணம் இனித்தான். கருவி எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், அதற்குள் இருக்கும் தமிழ் யாருடையது?

இயந்திரக் குரலில் தமிழ் இன்று நன்றாகவே இருக்கிறது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. இராமகிருஷ்ணனும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் வாயால் பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் வேறு. ‘எனக்குத் தேநீர் வேண்டும்’ என்று பொத்தான் சொன்னால், பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், தாத்தா பொத்தானைத் தொடுவதை நிறுத்திவிடுகிறார். அவர் மாமாக் கடையில் கேட்பது ‘தே ஓ கொசோங்’, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். சர்க்கரை வியாதிக்காரர் அப்படித்தான் கேட்பார். காலையில் வீட்டுக்கு வருகிறவரிடம் ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்பார். கோயிலுக்குப் போவார், பாசாருக்குப் போவார், கிளினிக்கில் நம்பர் எடுப்பார். இந்தத் தமிழ் சென்னையில் செய்த செயலியில் இருக்க முடியாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அம்பாங்கிலும் இருக்கிற நாம்தான் அதைப் போட வேண்டும்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு முகம் வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக்குத் தமிழ், வெளியே மலாய். ‘தலை சுத்துது’ என்பது மனைவிக்கு, ‘கெப்பாலா சாயா பெனிங்’ என்பது கிளினிக் கவுண்டருக்கு. குரலையும் யோசியுங்கள். லோரி ஓட்டிய மனிதர் சார்பாக ஓர் இளம்பெண் குரல் பேசினால் அது அவராக இருக்காது. அண்ணனோ மகனோ பதிவு செய்து கொடுக்கலாம். மரியாதை விகுதியைப் பார்த்துப் போடுங்கள். அஃபேசியாவில் வினைச்சொல்லின் முடிவு உதிர்ந்துபோவதுண்டு. மாமனாரைப் பார்த்து ‘வா’ என்று வந்துவிடும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்ட குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பொத்தானில் ‘வாங்க’ இருந்தால் அவர் எப்போதும் பேசிய மாதிரியே பேசுவார்.

பல மொழி பேசுகிற நமக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்ற கேள்வியும் உண்டு. 1895இல் ஆல்பர்ட் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் பல மொழி பேசும் நோயாளிகளை ஆராய்ந்து, நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்றார். அவருக்கு முன்பு தெயோதுல் ரிபோ, முதலில் கற்ற மொழியே நிலைக்கும் என்று சொல்லியிருந்தார். பிறகு வந்தவர்கள் இரண்டுக்கும் மாறான நோயாளிகளையும் பார்த்திருக்கிறார்கள். மொன்றியலில் மிஷேல் பரதி உருவாக்கிய இருமொழி அஃபேசியா சோதனை இன்று அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருப்பதற்குக் காரணமே, ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். நம் ஊரில் நடப்பது என்ன? சிகிச்சையாளர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கிறார், தமிழில் வாழ்ந்த பாட்டி விழிக்கிறார். ‘கடுமையான பாதிப்பு’ என்று தாளில் பதிவாகிறது. தமிழில் கேட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மில் பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு 1995இல் தொடங்கியது. இந்தத் துறையில் இன்னும் ஆள் போதவில்லை, தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. ஆறாம் படிவத்தில் எஸ்டிபிஎம் முடித்து, மருத்துவம் கிடைக்கவில்லை என்று வருந்தும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். அதுவரை, சிகிச்சைக்குக் கூடப் போகிற ஒருவர் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லலாம், ஆனால் பதிலை நோயாளியே சொல்லட்டும்.

பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பேச முடியாதவர் தைப்பூசத்தன்று முருகன் பாட்டைச் சேர்ந்து பாடினாரே, அப்படியானால் பேச்சு வந்துவிட்டதா? வரவில்லை. பாட்டும், எண்ணுவதும், சாமி பெயரும், லெபோர்ன் வாயில் வந்த வசையும் வேறு பாதையில் ஓரளவு தப்பிப் பிழைக்கின்றன. அமெரிக்காவில் 1973இல் இதை வைத்தே, சொற்றொடரை மெட்டில் இழுத்துச் சொல்லிப் பழக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். சிலருக்கு அது கைகொடுக்கிறது. பாட்டு வருகிறவரைப் பாட விடுங்கள், அந்தச் சந்தோஷமே போதுமான காரணம். ‘பாடத் தெரியுது, பேச மட்டும் மாட்டேங்கிறாரு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு சொல் கொடுத்தால் அது வாக்கியம் அமைத்துத் தருகிறது. ‘மகன்… பினாங்கு… சனி’ என்று மூன்று சொல் வந்தால், மூன்று நான்கு வாக்கியங்களை உருவாக்கி நோயாளியின் முன்னால் வைக்க முடியும், அவர் காது கொடுத்துக் கேட்டுச் சரியானதைத் தொடலாம். இது நல்லது. ஆனால் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழை, நடுவில் மலாய் கலந்து பேசும் தமிழைப் புரிந்துகொள்வதில் இந்த இயந்திரங்கள் இன்னும் திணறுகின்றன. அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு உண்டு. இயந்திரம் அழகாக எழுதிய வாக்கியத்தை அவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பத்திரம், இபிஎஃப் பணம், அறுவைச் சிகிச்சைக்கான சம்மதம் என்று வரும்போது அது பெரிய அநியாயமாகிவிடும். இயந்திரமோ மகனோ யார் முடித்துக் கொடுத்த வாக்கியமானாலும், அவர் கட்டை விரல் மேலே போகிற வரை அது அவர் வாக்கியம் இல்லை. ஒரே கேள்வியை மாற்றிப் போட்டும் கேட்டுப் பாருங்கள்.

நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். கைப்பேசியில் தமிழ் எழுதவே முடியாத காலத்தில், கோலாலம்பூரில் இருந்துகொண்டு முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்த முத்து நெடுமாறன் 2005இல் செல்லினம் என்ற கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தார். உலகத் தமிழர்கள் அதில் எழுதினார்கள். மொழி அடிபட்டவர்களுக்கான மலேசியத் தமிழ்ச் சொற்படத் தொகுப்பு அதைவிடப் பெரிய வேலை இல்லை. இருநூறு முந்நூறு புகைப்படம், நம் பேச்சுத் தமிழில் பதிவு, மலாயில் இணை. ஒரு தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம் பள்ளி விடுமுறையில் செய்து முடிக்கலாம்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: இந்த அம்பாங்கிலேயே, குவாலா அம்பாங்கில் நாசாம் என்ற தேசிய பக்கவாதச் சங்கத்தின் நிலையம் இருக்கிறது. தமக்கே பக்கவாதம் வந்து மீண்ட ஜேனட் இயோ என்ற அம்மையார் 1996இல் தொடங்கிய சங்கம். தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில். பயிற்சியைவிட முக்கியமாக அங்கே கிடைப்பது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களின் துணை. ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமூக நலத்துறை பதிவு செய்யும் பிரிவுகளில் பேச்சுக் குறைபாடும் தனியாக உண்டு. கை காலுக்கு மட்டும் அட்டை எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். துணைக்கருவி உதவித் திட்டம் சக்கர நாற்காலிக்கு மட்டும் என்று நினைக்காமல், சிகிச்சையாளர் கடிதத்தோடு தொடர்புக் கருவிக்கும் கேட்டுப் பாருங்கள்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஓர் அட்டை. ‘எனக்குப் பக்கவாதம் வந்தது. பேசவும் வாசிக்கவும் சிரமம். புத்தி தெளிவாக இருக்கிறது. மெதுவாகப் பேசுங்கள், காத்திருங்கள்.’ மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, பின்னால் வீட்டார் எண்ணையும் போடுங்கள். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடாமல் இருக்க இது உதவும்.

கேள்வி நேரம். மேசையில் வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் வைத்திருக்கிறோம். பக்கவாதத்துக்குப் பிறகு மொழி அடிபட்டவர்கள் இந்த மண்டபத்தில் சிலர் இருக்கிறார்கள். முதல் கேள்வி அவர்களுடையது. பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், எவ்வளவு நேரம் ஆனாலும் நாங்கள் இங்கே இருக்கிறோம்.